ஏழாம் நம்பர் கவர்

தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் எங்கள் டிக்கெட் செக்கர் சாரை ஏமாற்றியவர் என்று யாரும் கிடையாது. வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்:

1. டிக்கெட் எடுக்க மறந்த சொந்த மாமியாரை அவர் குரோம்பேட்டையில் இறக்கிவிட்டார்.
2. டிக்கெட் வைத்திருந்த மனைவியும் கோபித்துக்கொண்டு இறங்கினார்.
3. டியூட்டி முடிந்ததும் சார் சிட்லபாக்கம் வீட்டுக்குப் போய், கோபம் தணிந்து வரப்போகும் இருவருக்கும் சமைத்துவைத்துக் காத்திருந்தார்.
4. ரிடையரான மறுவருஷம், கணையத்தில் புற்றுநோய் என்று நான் பதிவேடு பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

அந்த நோய்க்கு வழக்கமான ஊசி மருந்து ஒன்றுதான் இருந்தது. அதோடு புதிதாக இன்னொன்றைச் சேர்த்தால் பலன் உண்டா என்று எங்கள் டாக்டர் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கு எது என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்கும். சீட்டுகளை எண் போட்ட கவர்களுக்குள் வைத்து ஒட்டியிருந்தோம். சம்மதித்து வருகிறவருக்கு அடுத்த கவர். சார் சம்மதத் தாளை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் தெருக்காரர். எனக்கு மனசு கேட்கவில்லை. ஏழாம் கவரைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பழைய மருந்து மட்டும். அதை அடியில் தள்ளிவிட்டு எட்டாவதை எடுத்தேன். மேசையில் பிரித்துக் கிடந்த ஆறாம் கவரைச் சார் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, ஏழு எங்க?"

"கீழ விழுந்திருக்கும் சார்."

"இந்தக் கதைய முப்பது வருஷமா கேட்டாச்சு. எடு."

"புது மருந்து உங்களுக்குக் கிடைக்கட்டும்னுதான் சார்..."

"புதுசு நல்லதுன்னு யார் சொன்னா? தெரிஞ்சிருந்தா டாக்டர் ஏன் கவர் ஒட்டறார்? வேண்டியவங்களுக்கெல்லாம் நீ பாத்துப் பாத்துக் குடுத்தா, கடைசில எது வேலை செஞ்சுதுன்னு யாருக்குத் தெரியும்?"

பக்கத்தில் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டார். "எங்கம்மாவையே இறக்கிவிட்ட மனுஷன். உன்ன விடுவாரா?"

ஏழையே வாங்கிக்கொண்டார். நான் செய்ததை என் கையாலேயே டாக்டருக்கு எழுதிக் கொடுக்கவும் வைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு கவருக்குள்ளும், வெளிச்சத்தில் பிடித்தாலும் தெரியாதபடி ஒரு கறுப்புத் தாள்.

கண் மஞ்சளாகி, சட்டை தோளில் தொங்க, வாரம் தவறாமல் வந்தார். வரிசையைத் தாண்டுகிறவர்களைத் திருப்பி அனுப்பினார். "நேத்து ரெண்டு தடவைதான் வாந்தி. பரிதாபப்பட்டு மூணுன்னு போட்டுடாத" என்பார். அந்த உடம்புக்குள் அவ்வளவு நேர்மை எங்கே இடம் பிடித்தது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

ஐந்தாம் மாதம் இறந்தார்.

போன வருஷம் கணக்கு முடிந்தது. புது மருந்து சேர்த்துக்கொண்டவர்கள் கூடுதலாக வாழவில்லை. வாந்திதான் கூடுதல். அந்த மருந்தை நிறுத்திவிட்டோம்.

இந்த மாதம் வேறொரு மருந்துக்குப் புதிய கவர்கள் வந்திருக்கின்றன. வரிசைப்படி எடுக்கிறேன்.