பூட்டுக்கு வரலாறு சொல்பவர்

உருகும் பொருள்கள் உலகில் மூன்று: மெழுகு, வெண்ணெய், ஆதிகுடிகளுக்காக மேடையேறும் அறிஞர். முதல் இரண்டும் உருகினால் குறையும். மூன்றாமவர் உருக உருகப் பெருப்பார்.

இவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாடிப்படிக்குக் கைப்பிடி வைப்பது பற்றிய கூட்டமானாலும் சரி, எழுந்து, கண்ணை மூடி, நாம் நிற்கும் இந்த மண் நம்முடையதல்ல என்று தழுதழுத்து, வந்தேறிகள் வளைத்ததையும் நவீனம் அரைத்ததையும் கடிகாரமே காலனியச் சதி என்பதையும் முக்கால் மணி நேரம் விளக்கிவிட்டுத்தான் உட்காருவார். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு என்பார்களே, அதற்குக் கைகால் முளைத்தவர்.

எங்கள் ஆய்வு நிலையத்தின் இயக்குநர் இந்த இனத்தில் முதல் தரம். நிலையம் நிற்கும் மண்ணின் ஆதிகுடியில் பிறந்த ஓர் அம்மாள் எங்கள் அரங்கைப் பெருக்குகிறாள். மேடையில் அவளைத் "தாயே" என்பார், இறங்கிவிட்டால் "ஏம்மா, அந்த நாற்காலியை எடு."

ஒரு வியாழக்கிழமை காலை அவள் துடைப்பம் இல்லாமல் அவர் அறைக்கு வந்தாள். விடிகாலையில் அவளுடைய அப்பா போய்விட்டார். அவர்கள் குடியின் இடுகாடு எங்கள் காம்பவுண்டுக்குள், கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால், பூட்டிய கேட்டுக்கு அந்தப்புறம் இருக்கிறது. பொழுது சாய்வதற்குள் அப்பாவை அம்மா பக்கத்தில் வைக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டாள்.

இயக்குநர் உருகினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அது வெறும் பூட்டல்ல, பல தலைமுறை ஆதிக்கத்தின் குறியீடு, காலனிய மனம் போட்ட பூட்டு என்று தொடங்கினார்.

"பூட்டு யாரு போட்டா என்னங்கய்யா, சாவி உங்க மேசையிலதானே இருக்கு?"

பதில் சொல்வதா அவர் தொழில்? கேள்வியைச் சிக்கலாக்குவதல்லவா! தனி ஒருவர் சாவியைத் தூக்கிக் கொடுத்தால் அதுவும் ஆதிக்கமாகிவிடுமாம். திங்கட்கிழமை குழு கூடிக் கூட்டாக முடிவெடுக்குமாம்.

"திங்கக்கிழமை வரைக்கும் உடம்பு தாங்காதுங்க," என்றாள்.

பெரியவர் நெடுஞ்சாலையோரப் பொது மயானத்தில், முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே போனார். அவர் மனைவி கேட்டுக்கு உள்ளே தனியாகக் கிடக்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த கூட்டத்தில் இயக்குநர் இந்தக் கதையைச் சொல்லி அழுதார். அரங்கமே எழுந்து கைதட்டியது. கூட்டம் கலைந்தால் பெருக்க வேண்டுமே என்று அவள் கதவோரம் காத்து நின்றாள். வயிறு எரிந்தது என்றேனே, நானும் தட்டினேன்.

நீங்கள் தட்டியிருக்க மாட்டீர்கள், தெரியும். சும்மா உச்சுக் கொட்டியிருப்பீர்கள், சற்று முன் அந்தப் பெரியவர் போன இடத்தைப் படித்தபோது கொட்டினீர்களே, அதுபோல. தப்பில்லை. எங்கள் இயக்குநருக்கும் அப்படித்தான் ஆரம்பித்ததாம்.