நூத்தி முப்பத்தேழு பேருக்கு ஊசி போட்ட இன்டர்வியூ

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ராயபுரத்துல ரயிலேறி திருவொத்தியூர்ல இறங்கி, ஒரு ஃபேக்டரியில நர்ஸ் வேலைக்கு இன்டர்வியூ குடுத்துட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடணும்.

எழுபதுகளோட ஆரம்பம் அது. எனக்கு இருபத்தோரு வயசு. நர்ஸிங் ஸ்கூல்ல மூணு வருஷம் முடிச்சு, சர்டிபிகேட்டும் கையுமா ஆறு மாசமா வீட்ல உக்காந்திருந்தேன்.

அந்த மூணு வருஷத்துல நான் சும்மா இல்ல. முதல் வருஷம் ‘இன்னா’வை ‘என்ன’ன்னு சொல்லக் கத்துக்கிட்டேன். ரெண்டாம் வருஷம் படுக்கை விரிப்போட மூலையை ஒரு சுருக்கம் இல்லாம மடிக்கக் கத்துக்கிட்டேன். மூணாம் வருஷம் தலைக்குக் கட்டு போடுறதுல முதல் பரிசு வாங்கினேன். வெளிய வந்து பார்த்தா, ராயபுரத்துல ஒருத்தனும் தலையை உடைச்சிக்கிட்டு எனக்கு வேலை குடுக்க வரல.

வேலைவாய்ப்பு ஆபீஸ்ல பேரைப் பதிஞ்சு வை, கூப்பிடுவாங்கன்னாங்க. கூப்பிட்டாங்க. பதிவைப் புதுப்பிக்கச் சொல்லி.

அப்பா ஹார்பர்ல சரக்கு தூக்குற விஞ்ச் மெஷின் ஓட்டறவர். ரெண்டு மாசம் முன்னாடி மூட்டை சரிஞ்சு விழுந்து கால் முறிஞ்சு, மாவுக்கட்டோட கட்டில்ல கிடந்தார். வீட்ல சம்பாதிக்கிற கை வேற இல்ல. நான் அவருக்குத் தினம் பத்து தடவை ஜுரம் பார்த்தேன். எலும்பு முறிஞ்சதுக்கு எதுக்குடி ஜுரம் பார்க்குறன்னு கேட்டார். எனக்கு வேற வேலை இல்லப்பான்னு சொல்ல மனசு வரல.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. ஃபேக்டரி முதலுதவி அறைக்கு ஒரு நர்ஸ் தேவை. காலை பத்து மணிக்கு நேர்ல வரவும். தேவைப்பட்டா செய்முறைத் தேர்வும் நடக்கும்.

அந்தக் கடைசி வரியை மட்டும் நல்லா ஞாபகம் வெச்சுக்கங்க. நான் ரொம்ப நல்லா ஞாபகம் வெச்சிருந்தேன். அதான் வினையே.

சாதாரணச் சேலை கட்டிட்டுத்தான் போறதா இருந்தேன். அம்மா விடல. ஸ்கூல் யூனிபாரத்தை எடுத்துக் கஞ்சி போட்டுத் தேய்ச்சு வெச்சிருந்தாங்க. வெள்ளைச் சேலை, வெள்ளை ரவிக்கை, தலைக்கு வெள்ளைத் தொப்பி.

“நீ நர்ஸுன்னு அவனுக்கு எப்டி தெரியும்? பார்த்தவொடனே தெரிய வேணாமா?” ன்னாங்க.

சர்டிபிகேட் இருக்கும்மான்னேன். அதையெல்லாம் யாரு படிச்சிகினு கீறாங்கன்னு சொல்லிட்டு, தொப்பியை என் தலையில ஆறு ஊசி குத்தி நிறுத்தினாங்க. கஞ்சி கொஞ்சம் தூக்கல். தொப்பி தட்டினா சத்தம் வந்தது.

ரயில் முக்கா மணி நேரம் லேட்டு. கரி எஞ்சின். ஜன்னலோரம் உக்காந்தா காத்து வரும்னு உக்காந்தேன். காத்து வந்தது, கரியையும் கூட்டிக்கிட்டு. எதிர்ல மீன்கூடையோட ஒரு அம்மா. அவங்க என் தலையையே பார்த்துக்கிட்டு வந்து, தண்டையார்பேட்டை தாண்டினதும் தலையில இன்னாமா கப்பல்னு கேட்டாங்க. நர்ஸுங்க போடுறதுன்னேன். உடனே கெளுத்தி முள்ளு குத்தி வீங்கின விரலை நீட்டினாங்க. கைக்குட்டையைக் கிழிச்சு அழகாக் கட்டு போட்டு விட்டேன். இறங்கும்போது ஆசீர்வாதம் பண்றதா நெனச்சு, அதே கையால என் தோள்ல தட்டிக் குடுத்துட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் என் பக்கத்துல யாரும் உக்காரல.

ஆக, ஃபேக்டரி கேட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தது பத்தே முக்காலுக்கு. வேர்வை, கரி, மீன் வாசனை. தொப்பி மட்டும் அசையல.

கேட்ல காக்கிச் சட்டை போட்ட வாட்ச்மேன். மன்னிப்பு கேக்க வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்ததுமே எழுந்து நின்னார்.

“இன்னாமா இவ்ளோ லேட்டு? அல்லாரும் உனக்காக காத்துகினு கீறாங்க. வா, வா.”

எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. ஆறு மாசமா எனக்காக யாரும் காத்திருக்கல. கடிதத்தைக் காட்ட எடுத்தேன். அதெல்லாம் வேணாம், பார்த்தாலே தெரியுதேன்னார். அம்மா தீர்க்கதரிசின்னு அந்த நிமிஷம் நெனச்சேன்.

நேரா கேன்டீனுக்குக் கூட்டிட்டுப் போனார். உள்ள ஒரு மேஜை, அதுல வெள்ளைத் துணி. ஸ்டவ்வுல ஒரு பாத்திரம் நிறைய ஊசிங்க கொதிச்சுக்கிட்டு இருந்தது. ஸ்பிரிட், பஞ்சு, வரிசையா காலரா தடுப்பு மருந்து பாட்டில். மேஜை பக்கத்துல டைம் ஆபீஸ் கிளார்க் ஒருத்தர், கையில பேர்ப்பட்டியல், காதுல பேனா. எதிர்ல, சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு, வாசல் வரைக்கும் ஆம்பளைங்க.

செய்முறைத் தேர்வு.

எங்க ஸ்கூல் பரீட்சையில ஒரு நோயாளியைக் காட்டி ஒரு ஊசி போடச் சொல்லுவாங்க. இங்க நூறு பேருக்கு மேல நிக்குறாங்க. பெரிய கம்பெனி, பரீட்சையும் பெருசா வெப்பாங்க போலன்னு நெனச்சேன். என் மூளை அவ்வளவுதான். இந்த மூளைக்குத்தான் முதல் பரிசு குடுத்திருந்தாங்க.

கையைக் கழுவினேன். ஆரம்பிச்சேன்.

பரீட்சையில நாம செய்யறதை வாயாலயும் சொன்னாத்தான் மார்க்கு. அதனால கிளார்க்கைப் பார்த்துச் சத்தமா ஒவ்வொண்ணா சொன்னேன். இப்போ மருந்து பாட்டிலோட தேதியைப் பார்க்கிறேன். இப்போ ஸ்பிரிட்டால துடைக்கிறேன். இப்போ காத்துக் குமிழி இல்லைன்னு உறுதி செய்யறேன். கிளார்க் ஒரு தடவை பின்னாடி திரும்பிப் பார்த்தார், வேற யாரோ நிக்குறாங்களோன்னு.

ஒவ்வொரு ஊசி முடிஞ்சதும் அவர் பட்டியல்ல ஒரு டிக் போட்டார். டிக் விழ விழ எனக்கு உற்சாகம். இருபது ஊசிக்கு இருபது டிக். என் ஜென்மத்துல இவ்வளவு மார்க் வாங்கினதில்ல.

வரிசையில வந்தவங்களையும் பரீட்சை முறைப்படிதான் நடத்தினேன். பேரு, வயசு கேட்டு, பயப்படாதீங்கன்னு சொல்லி, போட்டப்புறம் இப்போ எப்படி உணர்றீங்கன்னு விசாரிச்சேன். உலைக்களத்துல இரும்பு காய்ச்சுற ஒருத்தர், போன வருஷம் போட்டவங்க இதெல்லாம் கேக்கலியேம்மா, இந்த வருஷம் மருந்து ஏதாச்சும் ஸ்ட்ராங்கான்னு கலவரமாக் கேட்டார்.

அறுபத்தி மூணு டிக் ஆச்சு. அறுபத்தி நாலாவது பேருக்கு கிளார்க் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

நான் ஊசியே இன்னும் எடுக்கல. சார், எதுல தப்பு பண்ணேன்னு கேட்டேன். அவர் தலை நிமிராமலே, ஆள் ஓடிட்டான், கோவிந்தன்னு பேரு, வருஷா வருஷம் ஓடுவான்னார்.

நோயாளியைத் தப்பிக்க விடுறதும் நர்ஸோட குறைதானே. ஒரு மார்க்குல வேலை போயிட்டா? மாவுக்கட்டோட கிடக்குற அப்பா கண்ணு முன்னாடி வந்து நின்னார்.

ஊசியை மூடி, ஸ்பிரிட் பஞ்சோட கையில எடுத்துக்கிட்டு வெளிய ஓடினேன்.

கோவிந்தன் தகரக் குவியலுக்குப் பின்னாடி உக்காந்து பீடி குடிச்சிக்கிட்டு இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓட ஆரம்பிச்சார். நானும் ஓடினேன். தண்ணித் தொட்டியை ஒரு சுத்து, லாரியை ஒரு சுத்து. மூணாவதா ஆபீஸ் கட்டடத்துக்கு முன்னாடி இருந்த குரோட்டன்ஸ் செடி வரிசைக்கு நடுவுல பூந்து ஓடினோம். ஐம்பது வயசு மனுஷன், என்ன வேகம். கடைசியில மூச்சு வாங்கி மேனேஜர் ஜன்னலுக்கு நேர் கீழ உக்காந்துட்டார். அங்கேயே ஸ்பிரிட் தடவி, அங்கேயே போட்டேன். இப்போ எப்படி உணர்றீங்கன்னு கேட்டேன். அவர் சொன்னதை இங்க எழுத முடியாது.

திரும்பி வந்து பெருக்கலை டிக்கா மாத்தச் சொன்னேன். மாத்தினார்.

ஒரு மணிக்கு எல்லாம் முடிஞ்சது. நூத்தி முப்பத்தேழு பேர். கட்டை விரல் மரத்துப் போச்சு. கிளார்க் பட்டியலைத் திருப்பி, கையெழுத்து போடுங்கம்மான்னார். பிலோமினான்னு போட்டேன். வந்ததுக்கு அத்தாட்சி வேணும்ல.

அப்புறம் ரொம்பப் பணிவாக் கேட்டேன். “சார், ரிசல்ட் எப்போ தெரியும்?”

“ரிசல்ட்டா? ராத்திரிக்கே தெரிஞ்சிரும். எல்லாருக்கும் ஜுரம் வரும்.”

அதில்ல சார், இன்டர்வியூ ரிசல்ட்டுன்னு கடிதத்தை எடுத்துக் குடுத்தேன். அவர் ஒரு தடவை படிச்சார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு இன்னொரு தடவை படிச்சார். அப்புறம் என் தொப்பியைப் பார்த்தார். நீங்க சுகாதார ஆபீஸ்லேர்ந்து வரலியான்னு கேட்டார்.

நான் எங்க வீட்லேர்ந்து வந்தேன்னேன்.

ரெண்டு பேரும் மேனேஜர் ரூமுக்கு ஓடினோம்.

உள்ள, ஃபேனுக்கு நேர் கீழ, நாற்பத்தஞ்சு வயசுல ஒரு அக்கா உக்காந்து டீ குடிச்சிக்கிட்டு இருந்தாங்க. நீலக் கரை போட்ட பழைய பருத்திச் சேலை, மடியில துணிப்பை, பக்கத்துல குடை. பேரு கன்னியம்மா. உண்மையிலேயே காலரா ஊசி போட சுகாதார ஆபீஸ்லேர்ந்து வந்தவங்க. எனக்குப் பத்து நிமிஷம் பின்னாடி கேட்டுக்கு வந்திருக்காங்க. ஊசி போடுற நர்ஸ் அப்பவே உள்ள போயாச்சு, நீ இன்டர்வியூக்குத்தானேன்னு சொல்லி வாட்ச்மேன் அவங்களை மேனேஜர் கிட்ட அனுப்பிட்டார்.

நடந்ததை கிளார்க் எடுத்துச் சொல்லச் சொல்ல மேனேஜர் முகம் ஒரு மாதிரி ஆச்சு. ஏம்மா, நீங்க ஊசி போட வந்தவங்கன்னு சொல்லக் கூடாதான்னு கன்னியம்மாவைக் கேட்டார்.

“நீங்க கேக்கலியே சார். உக்காருன்னீங்க, உக்காந்தேன். எத்தினி வருஷ சர்வீஸ்னீங்க, பதினெட்டுன்னேன். வேலைக்கு வரியான்னீங்க, வரேன்னேன். இதுல நான் பொய் இன்னா சொன்னேன்?”

பொய் ஒண்ணும் சொல்லல. அதான் பிரச்சனை. மேனேஜர் அதுக்குள்ள டைப் அடிச்ச ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுட்டார்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். செடிக்குள்ள ஓடினது நீதானான்னு கேட்டார். ஆமா சார்னேன். அவர் பெருமூச்சு விட்டார். இன்டர்வியூ நடுவுல ஜன்னல்ல என்னைப் பார்த்திருக்கார். இதைப் பத்தி நீ என்ன நினைக்கிறன்னு கன்னியம்மாவையே கேட்டிருக்கார். பயந்தவனைத் துரத்தினா இன்னும் நாலு பேர் ஓடுவான், டீ நேரத்துல போய்ப் பேசிகினே போட்டுடணும்னு அவங்க சொல்லியிருக்காங்க. அந்த ஒரு பதில்லயே வேலை முடிவாயிடுச்சு.

அதாவது, என் இன்டர்வியூவுல கன்னியம்மாவுக்கு வேலை வாங்கிக் குடுத்ததே நான்தான்.

வெளிய வந்ததும் எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்தது. அப்பா கட்டில்ல காத்துக்கிட்டு இருப்பார். அவர்கிட்ட என்னன்னு சொல்றது? கன்னியம்மா அக்கா பின்னாடியே வந்து குடையை என் தலைக்கு மேல பிடிச்சாங்க.

“பதினெட்டு வருஷமும் டெம்பரவரிதான் கண்ணு. காலரா வந்தா கூப்பிடுவாங்க, போனா அனுப்பிருவாங்க. இன்னிக்கித்தான் ஒருத்தர் உக்கார வெச்சு, ஃபேன் போட்டு, டீ குடுத்து, உனக்கு இன்னா தெரியும்னு கேட்டார். அந்த நேரத்துல எனக்கு உண்மை வாயில வரல. தப்புதான்.”

அவங்க மேல கோவப்படணும்னு ரொம்ப முயற்சி பண்ணேன். முடியல. ரயிலடி வரைக்கும் சேர்ந்தே நடந்தோம். சுகாதார ஆபீஸ்ல இப்போ தன் இடம் காலி, தன் பேரைச் சொல்லிப் போய்ப் பார்னு சொல்லிட்டுப் போனாங்க.

வீட்ல நடந்ததைச் சொன்னேன். அம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு, தொப்பியைப் பார்த்தவொடனே கண்டுபிடிச்சான் பார்த்தியான்னு பெருமைப்பட்டாங்க. அப்பா மாவுக்கட்டு ஆடுற அளவுக்குச் சிரிச்சார். ரெண்டு மாசத்துக்கு அப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சார். அதனால நானும் கோவிந்தன் கதையை இன்னொரு தடவை சொன்னேன்.

ரெண்டு நாள் அழுதுட்டு, மூணாம் நாள் சுகாதார ஆபீஸுக்குப் போனேன். என் பேரைச் சொன்னதும் அங்க இருந்த அதிகாரி ஒரு ஃபைலைத் திறந்தார். ஃபேக்டரியிலேர்ந்து வந்த பட்டியல். நூத்தி முப்பத்தேழு டிக், கீழ என் கையெழுத்து. ‘ஊசி போட்ட ஊழியர்’னு அச்சடிச்ச கோட்டு மேல நான் பிலோமினான்னு அழகா எழுதியிருந்தேன்.

ஒருத்தன் கூட விடுபடல, இப்படி ஒரு பட்டியலை நான் பார்த்ததே இல்லன்னு பாராட்டினார். அப்புறம் குரலை மாத்திக்கிட்டு, ரெண்டு நாளா ஏன் டியூட்டிக்கு வரலன்னு கேட்டார்.

நான் இங்க வேலையிலேயே இல்ல சார்னு விளக்கினேன். அரை மணி நேரம் ஆச்சு. கடைசியில வேலை குடுத்தார். டெம்பரவரிதான். ஆனா பட்டியல் ஏற்கெனவே ரிக்கார்டுல ஏறிட்டதால, சர்வீஸை ஊசி போட்ட நாள்லேர்ந்துதான் கணக்கு வெக்கணும்னுட்டார். அப்போ நடுவுல ரெண்டு நாள் இடிக்குதே. அதுக்கும் வழி கண்டுபிடிச்சார்.

அப்பாயின்ட்மென்ட் ஆர்டருக்கு முன்னாடியே, சொல்லாம லீவு போட்டதுக்கு மெமோ வாங்கின நர்ஸ் அந்த ஆபீஸ்ல நான் ஒருத்திதான்.