திடுக்குக் காக்காவும் திடுக்கிடாத நளீமாவும்

கல்முனை முழுக்கச் சலித்துப் பார்த்தாலும், காதலைப் பற்றி ஒழுங்காக ஆராய்ச்சி செய்த ஒரே மனுசன் எங்கள் ஒழுங்கையில் இருந்த திடுக்குக் காக்காதான். காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். தொழில் ஓட்டோ ஓட்டுவது. சொந்தப் பெயர் அவருடைய உம்மாவுக்கும் அடையாள அட்டைக்கும் மட்டும்தான் தெரியும். உம்மா மௌத்தாகி அடக்கம் செய்த பிறகு அடையாள அட்டைக்கு மட்டும்.

அவருடைய கண்டுபிடிப்பு இதுதான். பயந்தாலும் நெஞ்சு அடிக்கும், ஆசை வந்தாலும் நெஞ்சு அடிக்கும். எதற்கு அடிக்கிறது என்று நெஞ்சுக்கே தெரியாது. ஆகவே ரெண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் இருத்திப் பயம் காட்டினால் போதும், அந்த ஆளுக்காகத்தான் அடிக்கிறது என்று நெஞ்சு தானாகவே முடிவு கட்டிக்கொள்ளும்.

"திடுக்கிடாம வாற அன்பு வெறும் பச்சத்தண்ணி, டீச்சர்" என்பார். தாகத்துக்கு அந்தப் பச்சத்தண்ணியைத்தானே குடிக்கிறோம் என்று நான் கேட்டால், காது கேளாதவர் மாதிரி ஹோர்ன் அடிப்பார்.

நான் தினமும் பாடசாலைக்குப் போவது அந்த ஓட்டோவில்தான். போகும் வழியெல்லாம் அல்லாஹ்வின் பெயர் சொல்லித் திக்ருதான், என் நாக்கு ஓயாது. நடு ரோட்டில் கட்டாக்காலி மாடு படுத்திருந்தால் மற்றவர்கள் வேகத்தைக் குறைப்பார்கள். இவர் மாட்டின் மூச்சு முகத்தில் படும்வரை குறைக்கமாட்டார். ஆனால் இன்றுவரை ஒரு மாட்டுக்கோ மனுசருக்கோ ஒரு கீறல் விழுந்ததில்லை. மாடுகளும் அவருக்குப் பழகிவிட்டன, எழும்புவதே இல்லை.

கலியாணம் முடித்தும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத ஒரு சோடியை முதலில் ஏற்றினார். ஒலுவில் துறைமுகத்தில் காற்று வாங்கலாம் என்று கூட்டிப் போனவர், வாய்க்கால் ஓரத்து வளைவில் தொப்பியைச் சரி செய்ய ரெண்டு கையையும் விட்டிருக்கிறார். திரும்பி வரும்போது அந்தப் பிள்ளைகள் ஒரே இளநீர்க் குரும்பைக்குள் ரெண்டு ஸ்ட்ரோ போட்டுக் குடித்துக்கொண்டு வந்ததை நானே பார்த்தேன். அதோடு ஊரில் அவருக்கு மவுசு கூடிவிட்டது. புது மாப்பிள்ளையும் பொண்ணும் முறுகிக்கொண்டால், பெரியவர்கள் மௌலவியிடம் போகுமுன் காக்காவிடம் வந்தார்கள்.

சறுக்கியதும் உண்டு. எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டில் போய் இருப்பார். அப்படிப் போன ஒருவனுக்கும் பொஞ்சாதிக்கும் ஒத்துவரவில்லை. காக்கா ரெண்டு பேரையும் ஏற்ற, பொண்ணின் உம்மா நானும் வருவேன் என்று அடம்பிடித்து நடுவில் ஏறி உட்கார்ந்துவிட்டார். வளைவு வந்தது, மருமகன் பயத்தில் மாமியைக் கட்டிப்பிடித்தான். அன்றிலிருந்து மாமிக்கு மருமகன் இல்லாமல் சோறு இறங்குவதில்லை. இறைச்சியில் நல்ல துண்டெல்லாம் அவன் பீங்கானுக்குத்தான் போகும். பொண்ணு என்னிடம் வந்து மூக்கைச் சிந்தினாள். காக்காவோ, தியரியில் பிழையில்லை, ஆள் இருந்த இடம்தான் பிழை என்றார்.

ஒருநாள் என் மாப்பிள்ளையையும், அதாவது என் புருசனையும், ஏற்றச் சொல்லிக் கேட்டார். என் மாப்பிள்ளை கேற்றைப் பூட்டிவிட்டு, பூட்டினேனா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற மனுசன். எங்கள் வீட்டில் திடுக்கு கிடையாது, ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வரும், அது போதும் என்று சொல்லிவிட்டேன். காக்கா என்னை இரக்கமாகப் பார்த்தார்.

இவ்வளவு வித்தை தெரிந்த மனுசனுக்குத் தன் காரியம் மட்டும் கைகூடவில்லை. நாற்பது தாண்டியும் தனிக்கட்டை. மனசெல்லாம் நளீமாவில். மருதமுனையில் இடியப்பம் அவித்து, விடியக் காலையில் கல்முனைக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவ நளீமா. மாப்பிள்ளை ஒரு காலையில் கடலுக்குப் போனவர், திரும்பி வரவேயில்லை. அவவையும் இடியப்பத் தட்டுகளையும் தினமும் ஏற்றி இறக்குவது காக்காதான். அது முடிந்துதான் எனக்கு வருவார்.

தனக்குத் தெரிந்த அத்தனை வளைவையும் பிரேக்கையும் அவவுக்காகப் போட்டார். நானும் ஒருநாள் கூடப் போனேன். என் உயிர் தொண்டைக்கு வந்துவிட்டது. நளீமா தட்டை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, "இடியப்பம் கவனம், காக்கா" என்றா, அவ்வளவுதான். இந்த மனுசிக்கு நெஞ்சு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை என்று காக்கா புலம்பினார்.

அந்த நேரம் பார்த்து வரிப்பத்தான்சேனையிலிருந்து ஒரு போடியார் நளீமாவைக் கேட்டு ஆள் அனுப்பினார். வயலும் வளவும் உள்ள, நிதானமான மனுசன். அவரிடம் ஒரு கேள்வி கேட்டால், கடைசி வயலுக்கு வாய்க்கால் தண்ணி வருகிற மாதிரித்தான் பதில் வரும். வரும், ஆனால் காத்திருக்க வேண்டும். நளீமாவின் வீட்டார் சம்மதம் சொல்லக் காத்திருந்தார்கள். காக்காவுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

அடுத்த காலையில் ஓட்டோ வரவில்லை. பாடசாலைக்குப் பிந்திய கோபத்தில் நான் எதிர்ப்புறமிருந்த அவர் வளவுக்குப் போனேன். மாமரத்துக்குக் கீழே ஓட்டோ. பின்சீட்டில் பிரயாணி மாதிரிக் காக்கா உட்கார்ந்திருந்தார்.

"போடியார் நல்ல மனுசன், டீச்சர். நான் குறுக்க நிக்கப்படாது. இனி அவட பக்கம் போறல்ல."

ஏசுவதற்கு நான் வாயைத் திறக்குமுன் கேற் திறந்தது. நளீமா. மருதமுனையிலிருந்து நடந்தே வந்திருக்கிறா. கையில் தட்டு இல்லை. தட்டில்லாமல் அவவை நான் அன்றுதான் பார்த்தேன். முகத்தில் இரத்தமே இல்லை.

"ஏன் வரல்ல?"

"ஒண்டுமில்ல, சும்மாதான்" என்றார் காக்கா.

"சும்மாவா? மௌத்தாப் போயிட்டீங்களோ எண்டு எனக்கு நெஞ்சு திடுக்கெண்டிட்டு."

காக்கா எழும்பிய வேகத்தில் ஓட்டோக் கூரையில் தலை இடித்தது. அதைத் தடவக்கூட இல்லை.

"திடுக்கெண்டிச்சா? மெய்யாவா?"

"ஓம்" என்று சொல்லிவிட்டு நளீமா அழத் தொடங்கினா. எனக்கும் கண் கலங்கிவிட்டது. இந்த மனுசன் மட்டும், சோதனையில் வருஷா வருஷம் பெயிலாகிக் கடைசியில் பாஸ் பண்ணின பிள்ளை மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். எந்த வளைவும் எந்தப் பிரேக்கும் செய்யாத வேலையை, வராமல் இருந்த ஒரு காலை செய்துவிட்டது. தினமும் நேரத்துக்கு வந்து நின்றதுதான் தான் செய்த பெரிய வித்தை என்று அவருக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

போடியார் கோபிக்கவில்லை. கலியாணத்துக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். அது கலியாணம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தது.

காக்கா இப்போது மருதமுனையில் நளீமா வீட்டில். இடியப்பம் அவருடைய சொந்த இடியப்பம் ஆகிவிட்டதால் ஓட்டோ ஊர்ந்துதான் வருகிறது. மாடுகள்கூட முந்திப் போகின்றன.

போன கிழமை ஒருநாள் அவர் வரப் பிந்தியது. போனும் எடுக்கவில்லை. நான் வாசலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மாப்பிள்ளை வந்து பக்கத்தில் நின்று, வருவார், பயப்படாதே என்றார். வளைவில் ஓட்டோ தெரிந்த பிறகுதான் பார்க்கிறேன், என் கை அவர் கையை இறுக்கிப் பிடித்திருந்தது.