பல்லிக்குப் பயந்தவளைப் பாம்பு பார்க்க அழைத்துப் போனேன்

என் மனைவியின் கொல்லையை விற்றே தீருவது என்று ஒரு காலையில் தீர்மானித்தேன்.

லேசான தீர்மானமில்லை. பல் தேய்த்துக்கொண்டே, கண்ணாடியில் என்னை நானே முறைத்துப் பார்த்து, வாய் நிறைய நுரையோடு, "வித்தே தீருவேன்!" என்று முழங்கினேன்.

"என்னங்க? என்ன சொன்னீங்க?" என்று சமையல்கட்டிலிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல வர்ணம். வாய் கொப்புளிச்சேன்" என்றேன்.

நான் நல்லுசாமி. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். கடையில் நான் சொன்னால் மோட்டார் ஓடும், ஃபேன் சுற்றும். வீட்டில் பஞ்சவர்ணம் சொன்னால் நான் ஓடுவேன், நான் சுற்றுவேன். இதில் எனக்கு வெட்கம் ஏதுமில்லை. ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் இருக்கிறார்கள். மீதிப் பேர் வெளியில் சொல்வதில்லை.

கொல்லை குரும்பலூருக்கு அந்தப்பக்கம், மலை தெரியும் தூரத்தில் இருக்கிறது. மானாவாரி நிலம். மாமனார் தன் காலத்தில் அதில் சோளமும் பருத்தியுமாக எடுத்தார்; சாகும்போது மகள் பேருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் ஏர் பிடிக்க ஆளில்லை. ஆவாரையும் சூரைமுள்ளும் மண்டிக் கிடக்கிறது.

அது பாட்டுக்குக் கிடந்திருக்கும். என் சகலை வேணுகோபால்தான் கெடுத்தான். அரியலூரில் ஒரு காதுகுத்துக்கு வெள்ளைக் காரில் வந்து இறங்கினான். காரைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் கொழுந்தியா அந்தக் காருக்குள் உட்கார்ந்தபடியே, பொத்தானை அமுக்கி, கண்ணாடியை மெல்லக் கீழே இறக்கி, "வாங்க மாமா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாள் பாருங்கள், அந்தக் கண்ணாடி என் நெஞ்சுக்குள் இறங்கிற்று. எனக்கும் கார் வேண்டும். கொல்லை போனால் கார் வரும். மனை புரோக்கர் ராஜராஜன் பிளாட் போடத் தயாராகக் காத்திருந்தான்.

பஞ்சவர்ணத்திடம் ஒரே ஒரு தடவை பேச்செடுத்தேன். சாம்பார்க் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எங்கப்பாரு எனக்குன்னு விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான். அங்க போயி நின்னா அவரு இருக்காருன்னு இருக்கும். என் உசுரு இருக்கிற மட்டும் கையெழுத்துப் போடமாட்டேன். சாம்பாரு ஊத்தவா?"

"ஊத்து" என்றேன்.

நேர்வழி அடைபட்டால் குறுக்குவழி. பஞ்சவர்ணத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. பல்லி. கரப்பான், பூரான் எதைக் கண்டாலும் அலறுவாள். பல்லி என்றால் கட்டில் மேலேயே ஏறிவிடுவாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த வீட்டில் பல்லி விரட்டுவது நான்தான். ஸ்டூலைப் போட்டு, துடைப்பத்தோடு ஏறுவேன். ஏறினதே ஏறினீர்கள் என்று ஒட்டடை அடிக்கச் சொல்லுவாள், ஃபேன் றெக்கையைத் துடைக்கச் சொல்லுவாள், பரணிலிருந்து சாமான் எடுக்கச் சொல்லுவாள். பயந்த பொம்பளை, பாவம் என்று நானும் செய்துவிடுவேன்.

பல்லிக்கே இந்தப் பயமென்றால், தன் சொந்தக் கொல்லையில் ஒரு பாம்பைக் கண்ணால் பார்த்துவிட்டால்? மறுநாளே பேனா கேட்பாள் என்று கணக்குப் போட்டேன்.

ஆண்டவனே அனுப்பியது போல் வெள்ளிக்கிழமை பூவிழி கடைக்கு வந்தது. கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் இஷ்டப்பட்டவர்களைக் கூட்டிக்கொண்டு காடுமேடெல்லாம் நடந்து, நம் பக்கத்துப் பறவை, பிராணிகளைக் காட்டி விளக்கம் சொல்லும். அந்த நோட்டீஸை என் கடைச் சுவரில் ஒட்டலாமா என்று கேட்டது.

"தாராளமா ஒட்டும்மா. இந்த வாரம் எங்க கொல்லைப் பக்கமா கூட்டிட்டுப் போயேன். நானும் வீட்டுக்காரியும் வர்றோம். அங்க பாம்புகூட உண்டு" என்றேன்.

"உங்க கொல்லைக்கா சார்? கண்டிப்பா போலாம்" என்று சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் கவனித்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து, குளியலறைக் கதவைத் தாழ்போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் ராஜராஜனுக்குப் போன் போட்டேன். "நீயும் வா. யாரோ மாதிரி கூட்டத்தோட கூட்டமா வந்து எடத்தைப் பாத்துக்க. அவ பாம்பப் பாத்து மிரண்டு நிக்கிறப்ப, நான் பேச்ச எடுக்கறேன்" என்றேன். எவ்வளவு முன்யோசனை பாருங்கள்.

பஞ்சவர்ணத்திடம் சொன்னதும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டாள். இருபது வருஷத்தில் அவள் எதற்கும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டதில்லை. அதையும் நான் கவனித்திருக்க வேண்டும்.

ஞாயிறு விடியற்காலை. கண்ணைப் பறிக்கும் நிறம் வேண்டாம், பறவைகள் மிரளும் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. பஞ்சவர்ணம் மஞ்சள் புடவையில் வந்து நின்றாள். என் கையில் ஒரு கட்டைப் பையைத் திணித்தாள்.

"குலுக்காம கொண்டாங்க. உள்ள முட்டை இருக்கு."

வேகவைத்த முட்டை! நடந்து களைத்தால் தின்ன வைத்திருக்கிறாள். பெற்ற தாய்கூட இப்படி நினைத்துப் பார்க்கமாட்டாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். இவளையா ஏமாற்றப் போகிறோம் என்று மனசு ஒரு கணம் இளகிற்று. சகலையின் கார்க் கண்ணாடியை நினைத்து இறுக்கிக்கொண்டேன்.

கொல்லை வரப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். ராஜராஜன் கழுத்தில் பைனாகுலர் வேறு. அதைத் தலைகீழாகப் பிடித்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளே நடந்தோம். ஒரு புதரை நான் தாண்டும்போது, காலடியிலிருந்து 'டர்ர்ர்' என்று ஏதோ வெடித்துக் கிளம்பிற்று. "ஐயோ அம்மா!" என்றேன்.

"கௌதாரிங்க" என்றாள் பஞ்சவர்ணம். "ஒண்ணும் பண்ணாது. வாங்க."

வரப்பு மேட்டில் ஓர் உடும்பு நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தது. பூவிழி அதன் நகத்தையும் வாலையும் பற்றி விளக்கிக்கொண்டிருந்தது. நான் ராஜராஜன் முதுகுக்குப் பின்னால் இருந்தபடி கேட்டுக்கொண்டேன். பஞ்சவர்ணம் இமைக்காமல் உடும்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பயத்தில் உறைந்துவிட்டாள், வேலை நடக்கிறது என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

அதற்குள் ராஜராஜன் நைசாகப் பிரிந்து எல்லைக் கல்லை நோக்கி நடந்தான். அவ்வளவுதான். எங்கிருந்தோ இரண்டு ஆள்காட்டிக் குருவிகள் கிளம்பி அவன் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்த ஆரம்பித்தன. அவன் குனிந்தான், அதுகள் தாழ்ந்தன. ஓடினான், அதுகளும் துரத்தின.

"சார், அங்க போகாதீங்க! முட்டை வச்சிருக்கு!" என்று பூவிழி கத்தியது.

கிட்டே போகாமல் தூரத்திலிருந்தே காட்டியது. கூடு இல்லை, குச்சி இல்லை, வெறும் தரை. சரளைக் கற்களுக்கு நடுவே, கல் நிறத்திலேயே முட்டைகள். காட்டினாலும் கண்ணுக்குத் தெரியவில்லை. வெட்டவெளியில் வைத்துவிட்டு, ஆணும் பெண்ணுமாகக் காவல் இருக்குமாம். கிட்டே வருவது மாடானாலும் மனுஷனானாலும் விடாதாம்.

பஞ்சவர்ணம் மெதுவாகச் சொன்னாள். "எங்கப்பாரும் இப்படித்தான் இந்த வெட்டவெளியில காவல் கெடப்பாரு. அதோ அந்தக் கல்லுக் குவியல் இருக்கு பாருங்க, அத்தனையும் அவரு இந்த மண்ணுல கையால பொறுக்கிப் போட்டது." குரல் கம்மிவிட்டது. உடனே முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஆளு யாருங்க? எல்லாரும் குருவியப் பாத்தா அவரு எல்லைக் கல்லப் பாக்குறாரு?" என்று கேட்டாள்.

"யாரோ தெரியலியே" என்றேன்.

கல் குவியலைத் தாண்டினதும் பூவிழி கையைத் தூக்கியது. எல்லாரும் நின்றோம்.

"அசையாதீங்க. எதிர்ல புத்து. நல்ல பாம்பு."

ஆளுயரப் புற்று. அதன் மேல் இளவெயிலில் நீளமாகக் கிடந்தது. எங்கள் அரவம் உணர்ந்து தலையைத் தூக்கி, படத்தை விரித்தது. இந்தக் கணத்துக்குத்தான் காத்திருந்தேன். பஞ்சவர்ணத்தின் முகத்தைப் பார்த்து, அவள் அலறும்போது, "இந்த எழவு எடம் நமக்கெதுக்கு வர்ணம்?" என்று சொல்ல வேண்டும். வசனம்கூடப் பாடமாக இருந்தது.

சொல்ல முடியவில்லை. காரணம், நான் அப்போது கல் குவியலின் உச்சியில் நின்றுகொண்டிருந்தேன். எப்படி ஏறினேன் என்று சத்தியமாகத் தெரியாது. பை மட்டும் பத்திரமாக மார்போடு இருந்தது.

பஞ்சவர்ணம் அலறவில்லை. செருப்பைக் கழற்றினாள். கையைக் கூப்பினாள். பாம்பு அவளைப் பார்த்தது. அவள் பாம்பைப் பார்த்தாள். அப்புறம் அது படத்தைச் சுருக்கி, நிதானமாகப் புற்றுக்குள் இறங்கிவிட்டது.

"தாயே!" என்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். "பையைக் குடுங்க. அப்படியே கொஞ்சம் எறங்குங்க. நீங்க நிக்கிற அந்த உருண்டைக் கல்லுதான் வேணும்."

எடுத்துக் கொடுத்தேன். வேறென்ன செய்ய? புற்றிலிருந்து நன்றாகத் தள்ளி, மண்ணைக் கீறி, அந்தக் கல்லை நட்டாள். பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மஞ்சள் பொடி. குங்குமம். வேப்பிலை. ஒரு பாட்டில் தண்ணீர். புத்தம்புது மஞ்சள் துணி. கடைசியில் முட்டை. பச்சை முட்டை! வழி நெடுக நான் பசியோடு கட்டிக்கொண்டு வந்தது.

கல்லுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, பொட்டு வைத்து, துணியைக் கட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள் என் கார் நின்றிருக்க வேண்டிய இடத்தில் நாகாத்தம்மன் நின்றாள்.

நான் ராஜராஜனைப் பார்த்தேன். அவன் பைனாகுலரோடு நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் கிடந்தான். எழுந்து குங்குமத்தை நெற்றி முழுக்க அப்பிக்கொண்டு, நேராக என்னிடம் வந்தான்.

"அண்ணே, என்னைய வுட்டுடுங்க. சாமி குடியிருக்கிற எடத்துல பிளாட் போட்டவன் எவன் வெளங்கியிருக்கான்? எனக்குப் புள்ளகுட்டி இருக்கு!"

"யாருய்யா நீ?" என்றேன். வேறு வழி தெரியவில்லை.

பஞ்சவர்ணம் எதுவும் காதில் விழாதவள் போல வேப்பிலையைச் சொருகிக்கொண்டிருந்தாள். ராஜராஜன் அவளிடமும் பயபக்தியோடு கேட்டான். "புத்துக்குப் பால் ஊத்தலீங்களாக்கா?"

"பாலு பாம்புக்கு ஆகாதாம் தம்பி. நம்ம பூவிழி போன வாரம் இங்க வந்திருந்தப்பவே சொல்லிடுச்சு."

போன வாரமா? நான் பூவிழியைப் பார்த்ததே வெள்ளிக்கிழமைதான். திரும்பினேன். அந்தப் பெண் ஒரு மைனாவை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

வீடு திரும்பும்போது அவளை வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டேன். பாலக்கரை ரவுண்டானா வந்ததும் தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எது?"

"எல்லாம்."

"நீங்க அந்த ராஜராஜன்கிட்ட பேசுறதெல்லாம் குளியலறையிலதானே? குழாயத் தெறந்துவுட்டா தண்ணி போற சத்தம் கேக்குமில்ல? வீணாப் போவுதே, நிறுத்துங்கன்னு சொல்லத்தான் கதவாண்ட வருவேன். போன மாசத்துலேருந்து இதே கதைதான். நின்னு கேட்டுட்டுப் போயிருவேன். பாம்பக் காட்டி மிரட்டப் போறேன்னீங்க, நாந்தான் பூவிழிய உங்க கடைக்கு அனுப்பினேன்."

"அப்ப பாம்பு?"

"புத்து எங்கப்பாரு காலத்துலேருந்து இருக்கு. புத்து போதும்னுதான் நெனச்சேன். அது வெளிய வந்தது நம்ம பாக்கியம்." பிறகு என் தோளில் கையை வைத்தாள். "கேட்டா நான் குடுக்கமாட்டேன்னு தெரியும்ல? அப்புறம் எதுக்குங்க திருட்டுத்தனம்? எனக்கு எவ்வளவு சங்கடமாப் போச்சு தெரியுமா?"

வண்டியை மெதுவாக ஓட்டினேன்.

சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து யோசித்தேன். உடும்புக்கு அசையாதவள். நல்ல பாம்பைக் கையெடுத்துக் கும்பிட்டவள். கொல்லையில் பிறந்து கொல்லையில் வளர்ந்தவள். அப்படியானால் இத்தனை வருஷமாக என் வீட்டில்...

"ஏங்க! ஐயோ! ஓடி வாங்க! பல்லி!"

யோசனை முடிவதற்குள் கால் ஓடிவிட்டது. கையில் துடைப்பம் இருந்தது. பஞ்சவர்ணம் கண்ணைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டு மூலையில் நின்றாள். ஸ்டூல் ஏற்கெனவே பரணுக்குக் கீழே போட்டிருந்தது. ஏறிப் பார்த்தேன்.

"இருக்குதுங்களா?" என்றாள், கண்ணைப் பொத்தியபடியே. "அப்படியே அந்தப் பித்தளை அண்டாவையும் எறக்கிடுங்க. ஆடி மொத வெள்ளிக்குப் புத்தாண்ட பொங்க வைக்கணும்."

பல்லியைக் காணோம், அண்டா இருந்தது, இறக்கினேன்.