அடுத்த வீட்டு மாத்திரை

மருத்துவம் படிக்கவில்லை, மருந்துக்கடை வைக்கவில்லை, ஆனாலும் அடுத்தவர் மாத்திரையைக் குறைத்தே தீருவேன் என்று ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. கொம்பெல்லாம் கிடையாது. வெளுத்த சட்டை, பையில் பேனா, கையில் அரை டஜன் ஆரஞ்சு. நலம் விசாரிக்கிற கோலத்தில்தான் வரும். உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும்.

உதாரணத்துக்கு, தச்சநல்லூரில் பெயின்ட் கடை வைத்திருக்கும் அப்பாத்துரை அண்ணாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மனிதர். தாயத்துக் கட்டுகிறவர்களைக் கண்டால் சிரிப்பார், பேயோட்டுகிறவர்களோடு சண்டைக்குப் போவார், நெஞ்சுவலிக்காரர் மாத்திரையை மறந்தால் தானே ஓடிப்போய் எடுத்துக் கொடுப்பார். மனநோய்க்கான மாத்திரை என்று காதில் விழுந்தால் மட்டும் அவருக்குள் ஒரு டாக்டர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். சர்க்கரைக்கு ஆயுள் முழுக்க ஊசி போட்டால் அது வைத்தியமாம்; மனசுக்கு மாத்திரை போட்டால் அது கெட்ட பழக்கமாம்! எந்த ஊர் நியாயம் இது? மூளை என்ன, உடம்புக்கு வெளியே வாடகை வீட்டிலா குடியிருக்கிறது?

பாளையங்கோட்டையில், அண்ணாச்சிக்குத் தெரிந்த குடும்பத்தில், ரீபா என்று ஓர் அறிவியல் டீச்சர். ஒருகாலத்தில் தூக்கமே இல்லாமல் உற்சாகம் தலைக்கேறி ஆடி, பிறகு எழுந்திருக்கவே முடியாமல் துவண்டு கிடந்து, லித்தியம் மாத்திரையால் நிமிர்ந்தவர். அவ்வப்போது ரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதித்துக்கொண்டு, ஒழுங்காகப் பாடம் நடத்திவருகிறார். "அந்த டீச்சர்கிட்ட பத்தாம் வகுப்பைக் குடுக்கலாமா?" என்று பல வருடம் இழுத்தடித்த பள்ளிக்கூடம், இந்த ஜூனில்தான் கொடுப்பதாக மனம் இறங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து, மே மாத வெயிலில், ஆரஞ்சோடு வந்து இறங்கினார் அண்ணாச்சி.

"என்ன தாயி, இன்னுமா அந்த மாத்திரையப் போடுதே?"

"போடுதேன் அண்ணாச்சி. நல்லா இருக்கேம்லா."

"நல்லா இருக்கேல்லா? பெறவு எதுக்கு மாத்திரை?"

இந்த இனத்தின் தேசிய கீதம் இதுதான். ஸ்டாண்டு போட்ட சைக்கிள் விழாமல் நிற்கிறது. ஆகவே ஸ்டாண்டைத் தட்டிவிடு!

ரீபா அசரவில்லை. "அது மட்டும் நடக்காது அண்ணாச்சி. டாக்டர் சொல்லாம ஒரு மாத்திரையும் விடமாட்டேன்."

தோற்றால் இந்த இனம் கோபித்துக்கொள்ளாது. சமரசத்துக்கு வரும்.

"சரி, மாத்திரை கிடக்கட்டும். உப்பை மட்டும் விட்டுரு. நான் கிறிஸ்மஸ் முடிஞ்சதும் விட்டேன், ஒடம்பு பஞ்சு மாதிரி இருக்கு பாத்துக்கோ."

உப்புதானே? விஷமா தின்னச் சொல்கிறார்? ரீபாவின் கணவர் எஸ்றா அன்றைக்கே சமையல் உப்போடு ஊறுகாய், வடகம், கருவாடு எல்லாவற்றையும் நாடுகடத்தினார். அண்ணாச்சியை உப்பைக் குறைக்கச் சொன்னது அவருடைய ரத்தக்கொதிப்பு டாக்டர். அதை அவர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. தனக்கென்று சொன்ன பத்தியத்தை ஊருக்கே பொதுவுடைமை ஆக்குவது இந்த இனத்தின் வள்ளல்தனம்.

உடம்பில் உப்பு குறைந்தால் லித்தியம் வெளியேறாமல் ரத்தத்திலேயே தங்கிக்கொள்ளும். போதாக்குறைக்கு வெயில், வியர்வை. ஒரு வாரத்துக்குள் ரீபாவுக்குக் கை நடுங்கியது, வாந்தியும் வயிற்றோட்டமும் வந்தன, நடை தள்ளாடியது. எஸ்றா அண்ணாச்சிக்குப் போன் போட்டார்.

"பயப்படாதலே! கழிவெல்லாம் வெளிய போகுது. பைய சரியாகும்."

"காப்பித் தம்ளரப் பிடிக்க முடியல அண்ணாச்சி அவளால!"

"அதாம்லே சொல்லுதேன், கழிவு நெறைய இருக்கு!"

நல்லவேளை, எஸ்றா அந்தப் போனை வைத்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் மாத்திரை அட்டையைப் பார்த்ததுமே நர்ஸ் ஷமீம், "சாப்பாட்டுல ஏதும் மாத்துனியளா?" என்று கேட்டார். எஸ்றா உப்புக் கதையைச் சொன்னார். டாக்டர் உடனே லித்தியத்தை நிறுத்திவைத்து ரத்தம் எடுக்கச் சொன்னார். மருந்தின் அளவு எகிறிக் கிடந்தது. இன்னும் தாமதித்திருந்தால் சிறுநீரகத்துக்கே ஆபத்து. கையில் ஏற்றிய பாட்டிலில் என்ன இருந்தது தெரியுமா? உப்புத் தண்ணீர்! வாய் வழியாக விரட்டிய உப்பை நரம்பு வழியாக மேளதாளத்தோடு அழைத்து வந்தார்கள்.

நடுக்கம் அடங்கிய பிறகு அண்ணாச்சி வார்டுக்கு வந்தார். ஆரஞ்சோடுதான்.

"நான் அப்பமே சொன்னேம்லா, இந்த மாத்திரை ஆகாதுன்னு!"

அவர் சட்டைப் பையில் பேனாவோடு பிரஷர் மாத்திரை அட்டையும் எட்டிப்பார்த்தது. ரீபா படுத்தபடியே கையை நீட்டினார். "உங்க பிரஷர் மாத்திரை சட்டைப் பையிலதான இருக்கு? இங்கன குடுங்க. நல்லாத்தான இருக்கீய, பெறவு எதுக்கு?"

அண்ணாச்சி சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார். "ஏ, இது டாக்டர் குடுத்ததுல்லா!"

வார்டே சிரித்தது. ஷமீம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அண்ணாச்சியும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.

டாக்டர் அளவு பார்த்து மாத்திரையை மறுபடி தொடங்கினார். ஜூனில் ரீபா பத்தாம் வகுப்புக்குள் நுழைந்தபோது பையில் பெரிய தண்ணீர் பாட்டிலும், என்றும்போல உப்புப் போட்ட தயிர்சாதமும் இருந்தன. ஊறுகாய்க்கும் தண்டனை ரத்தானது.

நீங்களும் சிரித்தீர்கள், இல்லையா? நல்லது. இதை வாசித்த கையோடு, லித்தியம் சாப்பிடுகிற தெரிந்தவர் யாருக்காவது போன் போட்டு, "உப்பை அள்ளிப் போட்டுச் சாப்பிடு" என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கிறதா? போனைக் கீழே வையுங்கள். முதலில் போய்க் கண்ணாடியைப் பாருங்கள். கையில் ஆரஞ்சு இருக்கும்.