வலது கையைத் தூக்கச் சொன்னவன்

சட்டம் படித்தவனைவிட, சட்டம் படிக்கப் போகிறவன்தான் ஆபத்தானவன். எழுபதுகளில் எங்கள் காலனிக்கு அப்படி ஒருவன் வாய்த்தான். நான்தான்.

சித்தூர் கல்லூரியில் பி.ஏ. முடித்துச் சட்டக் கல்லூரிக்கு மனுப் போட்டிருந்தேன். அய்யன் (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) மீனாட்சிபுரத்தில் உழுதுகொண்டிருந்த காட்டை விற்று, கஞ்சிக்கோட்டில் ஒரு முதலாளி கட்டி விற்ற காலனியில் வீடு வாங்கினார். வீட்டைப் பார்த்து அல்ல. நடுவிலிருந்த கிணற்றைப் பார்த்து. "கெணறு எல்லார்த்துக்கும் பொதுவுங்க" என்று சொல்லித்தான் முதலாளி விற்றார்.

நாங்கள் குடியேறிய சூட்டோடு, காலனிக்குச் சங்கம் அமைக்கப்போவதாக அவரே அறிவித்தார். விதியையும் அவரே எழுதிவிட்டார்: கிணறு சங்கத் தலைவர் பொறுப்பில் இருக்கும், கடைசி வீடு விற்கும்வரை அவரே தலைவர்.

"இதுல வில்லங்கம் இருக்குதுடா" என்றார் அய்யன்.

"நீங்க சும்மா இருங்கய்யா. ஓட்டுல தோக்கடிச்சுப்போடலாம்" என்றேன். (சர்க்கார் தேர்தலில் ஓட்டுப்போட அப்போது இருபத்தொரு வயதாக வேண்டும். எனக்கே இன்னும் ஆகவில்லை.)

பந்தலில், விருந்தோடு முதல் கூட்டம். ஆரம்பித்ததும் துள்ளி எழுந்தேன். "வாயால கத்தறது கணக்குல வராது. எதிர்க்கறவங்க வலது கையைத் தூக்கோணும். தூக்காதவங்க சம்மதிச்ச மாதிரி!"

கைதட்டல். பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல முதலாளி என்னைக் கனிவோடு பார்த்தார்.

"தம்பி சொன்னதே சட்டமுங்க. மொதல்ல சாப்பிடலாமுங்க, எல போட்டாச்சு."

சாம்பார் போய் ரசம் வந்து, பாயசமும் வந்தது. எல்லார் கையும் இலையில் நன்றாக இறங்கிய நேரம் பார்த்து, முதலாளி எழுந்து விதியை வாசித்தார்.

"எதிர்ப்பிருந்தா கையைத் தூக்குங்க."

ஒரு கையும் இலையைவிட்டு எழவில்லை. எச்சில் கையைச் சபையில் தூக்குகிற வழக்கம் எங்கள் ஆட்களுக்குக் கிடையாது. சோறு போட்டவர் முன்னால் இடது கையைத் தூக்குவது அதைவிட மரியாதைக் கேடு.

"அதெப்படீங்க? கெணறு பொதுன்னுதானுங்களே வித்தீங்க!" அய்யன் சோற்றை விழுங்காமலே கேட்டுவிட்டார்.

"வாயால சொன்னாச் செல்லாதுன்னு உங்க பையனே சொல்லிட்டாருங்களே, பெரியவரே."

அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. நான் கையைத் தூக்கினேன். பாயசம் முழங்கைவரை வழிந்தது. பரிமாறுகிறவர் வாளியோடு ஓடிவந்தார்.

"வந்துட்டனுங்க தம்பி!"

"தம்பிக்கு இன்னொரு கரண்டி ஊத்தப்பா" என்றார் முதலாளி. பந்தலே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள், "எதிர்ப்பில்லைங்க" என்று காகிதத்தை மடித்துவிட்டார். (பாயசத்தை நான் குடித்து முடித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல பாயசம்.)

மறுவாரமே கிணற்றுக்கு இரும்பு மூடியும் பூட்டும் வந்தன. முதலாளியின் மச்சான் நடத்திய சோடா கம்பெனிக்குக் குழாய் போயிற்று. அம்மா குடத்தோடு கோயமுத்தூர் ரோட்டைத் தாண்டிப் பொதுக்குழாய்க்கு நடந்தாள். கடைசி வீட்டை முதலாளி விற்கவே இல்லை. வைக்கோல் அடைத்து வைத்துக்கொண்டார். வைக்கோல் இருக்கும்வரை அவர்தான் தலைவர்.

நான் வக்கீலாகிவிட்டேன். அந்தக் கிணற்றுக்காகக் காலனிக்காரர்கள் போட்ட வழக்கை மட்டும் ஒருவரும் என்னிடம் தரவில்லை.

அதற்கப்புறம் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், இலையில் கைவைக்கும் முன் அய்யன் சுற்றிலும் பார்த்துச் சத்தமாகக் கேட்பார்: "ஏனுங்க, கை தூக்கற சமாச்சாரம் ஏதாச்சும் இருக்குதுங்களா? இருந்தா இப்பவே சொல்லீருங்க, கை கழுவீட்டு வந்தர்றனுங்க."

சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். அம்மா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே அய்யனிடம் சொல்வாள்.

"கழுவறதுக்குத் தண்ணி எங்கன்னு உங்க வக்கீலைக் கேளுங்க."