சரிவிகித அப்பாவும் காலி டப்பாவும்

அப்பாக்களில் சரிவிகித அப்பா என்றொரு இனம் உண்டு. காலை ஆறு மணிக்குச் சமையலறையில் ஒருவர் வெள்ளரித் துண்டை எடை மெஷினில் வைத்து, ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, மறுபடி நிறுத்துப் பார்த்தால், சந்தேகமே வேண்டாம், அவர்தான்.

ஒன்றாம் வகுப்பு மகளின் டப்பாவில் ஐந்து அறைகள். சோறு, நட்சத்திரமாக வெட்டிய கேரட், பீன்ஸ், கண்ணும் மீசையுமாகச் சிரிக்கும் முட்டை, எண்ணி ஆறு திராட்சை. இத்தனையையும் அடுக்கி, நாலு கோணத்தில் படம் பிடித்து, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டு அவர் நிமிரும்போது ஸ்கூல் பஸ் போயிருக்கும். போகட்டுமே! புரதம் போகவில்லையே?

"ஏங்க, அவ பள்ளிக்கூடம் போறாளா, மல்யுத்தத்துக்குப் போறாளா?" என்பாள் மனைவி.

"உனக்குப் புரியாது. இது நார்ச்சத்து விஷயம்!"

சாயங்காலம் டப்பா திரும்பி வரும். மூடியைத் திறப்பார். ஒரு பீன்ஸ் மிஞ்சியிருந்தாலும் அன்று அது இழவு வீடு. ஆனால் மூன்று மாதமாக டப்பா காலி! "பாத்தியா? எம் பொண்ணு பீன்ஸ் சாப்பிடறா!" என்று மனைவியிடம் டப்பாவை நீட்டுவார். அந்தக் காலி டப்பாவில்தான் அவர் உயிரே இருந்தது.

ஒருநாள் டீச்சர் கூப்பிட்டனுப்பினார். பாராட்டத்தான் என்று நினைத்து, இஸ்திரி போட்ட சட்டையில் போய் நின்றார்.

வகுப்பு மூலையில் ஒரு கூண்டு. அதற்குள் தலையணை போல ஏதோ மூச்சு விட்டது.

"எங்க க்ளாஸ் முயல் சார். கூண்டுக் கதவு பத்தல. வெளிய வர முடியல."

மகள் அப்பாவின் கையைப் பிடித்தாள். "பாவம்ப்பா. அதுக்கு டப்பா கட்டித் தர யாருமே இல்ல. அதான் கேரட், பீன்ஸ் எல்லாம் குடுத்தேன்."

"அப்ப முட்டை?"

டீச்சர் தரையைப் பார்த்தார். "தினமும் எனக்குத் தந்துடுவா. நல்லா இருக்கும் சார்."

ஐயோ! ஒரு தகப்பனின் நெஞ்சு இதைத் தாங்குமா? மூன்று மாதம் வளர்ந்தது முயலா! சுவரில் கை ஊன்றினார். கண் கலங்கியது. உடைந்த குரலில் கேட்டார்:

"முயல் பீன்ஸ மிச்சம் வெச்சுதா, டீச்சர்?"

"ஒண்ணுகூட இல்ல சார்."

முகம் மலர்ந்தது. மறுநாள் காலை சமையல் மேடையில் இரண்டு டப்பாக்கள். இரண்டாவது, முயலின் எடை குறைய.

சிரிக்கிறீர்களா? தாராளமாக. முதலில் கையிலிருக்கும் அந்தக் கேரட் நட்சத்திரத்தைக் கீழே வையுங்கள். ஒரு முனை கோணலாக இருக்கிறதென்று நீங்கள் கவலைப்பட்டதை நான் பார்த்துவிட்டேன்.